பூனை முகம் போட்ட அட்டை

அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பதினொன்று என்ற எண் மீது கோகிலாவுக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. அது பாட்டுக்குப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில்தான் வம்பு ஆரம்பித்தது.

தேவதாஸ் வாத்தியாரின் மேசை மேல் காகிதக் கொடிகள் குவிந்து கிடந்தன. எல்லாம் காஜா பெராங் வட்டாரத்துப் பிள்ளைகள் செய்தவை. அடுத்த சனிக்கிழமை மெர்டேக்கா. மலாயாவுக்குச் சுதந்திரம்! அன்று காலை மலாக்காவின் பிள்ளைகள் எல்லாரும் கொடி பிடித்துக்கொண்டு பாடாங் என்னும் பெரிய திடலுக்கு ஊர்வலமாகப் போகப் போகிறார்கள். கடைகளில் துணிக்கொடி எப்போதோ தீர்ந்துவிட்டது. அதனால் அவரவர் கொடியை அவரவரே காகிதத்தில் செய்துகொள்ள வேண்டும்.

வாத்தியார் ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி நட்சத்திரமா இருக்கே. யாரு போட்டது?"

பிள்ளைகள் எல்லாரும் கோகிலாவைக் காட்டினார்கள். கோகிலா பெருமையோடு எழுந்து நின்றாள்.

"நான்தான் சார் மொதல்ல போட்டேன். அதப் பொதுப் பெட்டியில வச்சேன். எல்லாரும் அதப் பாத்துப் போட்டாங்க."

"அப்படியா? எங்க, முனைய எண்ணு பாப்போம்."

கோகிலா எண்ணினாள். "எட்டு சார்."

"சுவத்துல இருக்கற படத்துல?"

கோகிலா சுவரில் ஒட்டியிருந்த கொடிப் படத்தின் அருகில் போனாள். விரல் வைத்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். காது இரண்டும் சூடாகிவிட்டன.

"பதினொன்னு சார்."

"மலாயாவுல பதினோரு மாநிலம். அதுக்குத்தான் பதினோரு முனை, பதினோரு பட்டை. பட்டைய எல்லாரும் சரியா எண்ணிப் போட்டிருக்கீங்க. நட்சத்திரத்துல மூணு மாநிலத்த வெட்டிட்டியேம்மா! மலாக்கா மிஞ்சிச்சா, இல்ல அதுவும் போச்சா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கோகிலாவும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

தப்பு எப்படி நடந்தது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவள் வாசலில் தினமும் கோலம் போடுகிறவள். நேராக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, சாய்வாக இரண்டு. அவள் கைக்குத் தெரிந்த நட்சத்திரம் அதுதான். படத்தைப் பார்த்துக்கொண்டேதான் வரைந்தாள். ஆனால் கண் ஒன்றைப் பார்த்தது, கை வேறு ஒன்றைப் போட்டது.

"வியாழக்கிழமை மறுபடியும் பாக்கறேன்," என்றார் வாத்தியார். "சரியா இருந்தா ஊர்வலத்துக்குத் தூக்கிட்டு வாங்க. சரியா வரலைன்னா கைய வீசிக்கிட்டு நடங்க. தப்பான கொடி மட்டும் வேண்டாம்."

திரும்பி வரும் வழியில் யாரும் கோகிலாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டி மனத்தை ஆற்றிக்கொண்டிருப்பாள். அவளுடைய தம்பி சுப்பையன் மட்டும் கையை முன்னும் பின்னும் வீசி வீசி நடந்தான்.

"என்னடா பண்ற?"

"பழகிக்கறேன்க்கா. கைய வீசிக்கிட்டு நடக்கச் சொன்னாருல்ல, உங்க வாத்தியாரு?"

கோகிலாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. வீட்டுக்குள் போய்ப் பென்சிலைச் சீவினாள்.

பொதுப் பெட்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காஜா பெராங் சாலையில் இளைஞர் சங்கத்துப் பலகை அறை ஒன்று இருந்தது. அங்கே உள்பக்கம் ஈயத்தாள் ஒட்டிய பழைய தேயிலைப் பெட்டி ஒன்று. அதற்குள் ரவிக்கை தைக்கக் காகித அளவுகள், பட்டம் கட்டும் சட்டங்கள், தோரணம் வெட்டும் மாதிரிகள் எல்லாம் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போய் அதைப் போல ஒன்று செய்துகொள்ளலாம். திருப்பி வைத்துவிட வேண்டும். செய்யும்போது இன்னும் நல்ல வழி ஏதாவது தோன்றினால் அதையும் செய்து பெட்டியில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

பெட்டியைப் பார்த்துக்கொள்பவள் சிவகாமசுந்தரி அக்கா. பதினெட்டு வயது. வாயில் எப்போதும் ஒரு நூலைக் கடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை காலை கோகிலா பசியாறாமல்கூட உட்கார்ந்து வரைந்தாள். காகிதத்தை மடித்து வெட்டினால் எட்டு வந்தது. இன்னும் ஒரு மடிப்பு மடித்தால் பதினாறு வந்தது. கையால் போட்டால் பத்து வந்தது, பன்னிரண்டு வந்தது. ஒரு தடவை சரியாகப் பதினொன்று வந்தது. ஆனால் அதில் ஒரு முனை மட்டும் மாட்டுக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

"கோலம் மாதிரி லேசா வரைஞ்சிடலாம்னு நெனச்சேன்மா. சுசாவா இருக்கு," என்றாள் அம்மாவிடம். சுசா என்றால் கஷ்டம் என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அம்மா சாரதாம்பாள் இட்லித் தட்டைப் பக்கத்தில் வைத்தாள். "வட்டமே கோணலா இருக்கு. அப்புறம் முனை எப்படிடி ஒழுங்கா வரும்?"

அது நியாயம்தான். கோகிலா பால் டின்னை எடுத்துக் காகிதத்தின் மேல் வைத்தாள். சுப்பையன் ஓடி வந்தான்.

"அக்கா! டின்ல இன்னும் பால் இருக்கு. காலி பண்ணாத்தான் வட்டம் போட முடியும். நான் காலி பண்ணித் தரேன்."

"பால் இருந்தாலும் டின் வட்டமாத்தாண்டா இருக்கும்!"

சுப்பையன் முகம் வாடிப் போனான். கோகிலா அவனுக்கு ஒரு கரண்டி பாலை ஊற்றிக் கொடுத்துவிட்டு வட்டத்தைப் போட்டாள்.

அழகான வட்டம். இனி அதைப் பதினொன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு காகித நாடாவை டின்னைச் சுற்றி வைத்து, முனையோடு முனை சேரும் இடத்தில் வெட்டினாள். இந்த நாடாவைப் பதினொன்றாகப் பிரித்துவிட்டால் வட்டமும் பிரிந்துவிடும். அளவுகோலை வைத்துப் பார்த்தாள். ஒன்பது அங்குலத்துக்கு ஒரு துளி அதிகம். ஒன்பதைப் பதினொன்றால் வகுத்துக்கொண்டே போனாள். அது முடிவதாகத் தெரியவில்லை.

அப்போது கட்டுரை நோட்டின் கோடுகள் அவள் கண்ணில் பட்டன. எல்லாம் சம தூரத்தில் இருக்கும் கோடுகள். நாடாவை அதன் மேல் வைத்தாள். நாடா நீளம், நோட்டு குட்டை. நேராக வைக்க இடம் போதவில்லை. சரி என்று சாய்த்து வைத்தாள்.

கோகிலா அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்த்து வைத்தாலும் கோடுகள் நாடாவைச் சம துண்டுகளாகத்தான் வெட்டின! இன்னும் கொஞ்சம் சாய்த்தால் துண்டுகள் குறைந்தன. கொஞ்சம் நிமிர்த்தினால் கூடின. அப்படியானால் எத்தனை துண்டு வேண்டுமோ அத்தனை வரும்படி சாய்த்து வைத்துக்கொள்ளலாமே!

ஒரு கோடு விட்டு ஒரு கோடு எண்ணினாள். நாடாவை இம்மியாக நகர்த்தினாள். மேல் முனை ஒரு கோட்டில், கீழ் முனை ஒரு கோட்டில், நடுவே சரியாகப் பதினோரு துண்டுகள்.

"அம்மா!" என்று கத்தினாள். அம்மா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

நாடாவைத் திரும்ப டின்னில் சுற்றி, வட்டத்தில் பதினோரு புள்ளி வைத்தாள். புள்ளி வந்துவிட்டால் கோகிலாவுக்கு என்ன பயம்? பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்தாள். அது நட்சத்திரமாக இல்லை, பணியாரமாக இருந்தது. ஒரு புள்ளி தாண்டிச் சேர்த்தாள். குண்டு நட்சத்திரம். மூன்று புள்ளி தாண்டி நாலாவது புள்ளிக்குக் கோடு இழுத்தாள். அங்கிருந்து மறுபடி மூன்று தாண்டி நாலாவது. பென்சிலை எடுக்காமல் சுற்றிச் சுற்றிப் போய், புறப்பட்ட புள்ளிக்கே வந்து நின்றது கோடு.

பதினோரு முனை. எல்லாம் ஒரே நீளம். எண்ணிப் பார்த்துவிட்டு கோகிலா தம்பியைத் தூக்கிச் சுற்றினாள். சுப்பையன் வாயிலிருந்து பால் அவள் தோளில் வழிந்தது.

அவளுக்கு மட்டும் ஒரு கொடி என்றால் வேலை அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவளுடைய எட்டு முனை நட்சத்திரம் பொதுப் பெட்டியிலிருந்து காஜா பெராங்கின் சந்துக்குச் சந்து போயிருந்தது. யார் யார் வீட்டுக்குப் போனது என்று அவளுக்கே தெரியாது.

"அது எங்கெல்லாம் போச்சோ, இதுவும் அங்கெல்லாம் போகணும்," என்று சொல்லிக்கொண்டாள். "வியாழக்கிழமைக்குள்ள போகணும்."

அதற்கு ஒரு படம் போதாது. பார்த்துப் போட்டால் கை மறுபடியும் ஏமாற்றும். யாரும் பார்த்துப் போடவே தேவையில்லாதபடி ஏதாவது செய்ய வேண்டும். கோகிலா ஒரு பிஸ்கட் பெட்டியைப் பிரித்து, கொடி அளவுக்கு அட்டை எடுத்தாள். நட்சத்திரத்தையும் பிறையையும் அதில் வரைந்தாள். அப்பா பொன்னுதுரை சவர பிளேடால் அந்த இடங்களைப் பொறுமையாக வெட்டி எடுத்துக் கொடுத்தார். நீலக் கட்டத்தின் மூலைக்கு ஆணியால் ஒரு துளை. பட்டைகளுக்கு இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்ன வெட்டு. வெள்ளைக் காகிதத்தின் மேல் அட்டையை வைத்து, ஓட்டைக்குள் பென்சிலை ஓட்டினால் போதும். கொடி தொடங்கிவிடும். அப்புறம் வண்ணம் தீட்ட வேண்டியதுதான்.

அட்டையின் மேல் என்னென்ன செய்ய வேண்டும் என்று முத்து முத்தாகத் தமிழில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டிக்கு எடுத்துப் போனாள்.

சிவகாமி அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நட்சத்திரத்தை மூன்று தடவை எண்ணினாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்பப் பெட்டியில வைக்க மாட்டேன்."

"ஏன்க்கா?"

"போன தடவ கோகிலா போட்டதாச்சேன்னு எண்ணாம வச்சேன். நானும் கோலம் போடறவதான். எட்டு முனையப் பாத்ததும் என் கண்ணுக்கும் சரியாத்தான் பட்டுச்சு. தப்புல பாதி என்னுது." அக்கா நூலைக் கடித்தாள். "இனிமே ஒரே சட்டம். செஞ்சவங்க வாயத் தொறக்கக் கூடாது. தெரியாத ஒருத்தர் இத வச்சு ஒரு கொடி செஞ்சு காட்டணும். அப்பத்தான் பெட்டிக்குள்ள போகும்."

"நான் பக்கத்துல இருந்து சொல்லித் தரேனே?"

"பெட்டிக்குள்ள உன்னையும் மடிச்சு வைக்க முடியுமா?"



அப்போது அந்த வழியாகப் பாக்கியலட்சுமி வந்தாள். கோகிலாவின் சிநேகிதி. காஜா பெராங்கிலேயே சிட்டி கம்பம் என்ற குடியிருப்பில் வீடு. அக்கா அவளைக் கூப்பிட்டு அட்டையையும் காகிதத்தையும் வண்ணக்குச்சிகளையும் கொடுத்தாள். "இத வச்சுக் கொடி செய்," என்று மலாயில் சொன்னாள்.

பாக்கியம் அட்டையைப் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். கோகிலாவைப் பார்த்தாள். கோகிலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பாக்கியம் தோளைக் குலுக்கிவிட்டு வேலையில் இறங்கினாள். கோடு எல்லாம் ஒழுங்காக வந்தது. ஆனால் பிறைக்குச் சிவப்புப் பூசினாள். நட்சத்திரத்துக்கு நீலம் பூசினாள்.

"ஐயோ, மேலதான் எழுதியிருக்கேனே! மஞ்சள்னு எழுதியிருக்கேனே!" என்று கோகிலா வெடித்துவிட்டாள்.

"எனக்கு இது படிக்கத் தெரியாதே," என்றாள் பாக்கியம். மலாயில்தான் சொன்னாள்.

கோகிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். சிட்டி கம்பத்தார் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள். பெயர் தமிழ்ப் பெயர். நெற்றியில் திருநீறு. வீட்டில் பேசுவது மட்டும் மலாய். இது கோகிலாவுக்குத் தெரியாதா? பாக்கியத்தோடு தினமும் மலாயில்தானே பேசுகிறாள், மலாயில்தானே சண்டை போடுகிறாள்! ஆனால் பென்சிலை எடுத்ததும், காஜா பெராங்கில் எல்லாரும் தன்னைப் போலத்தான் என்று நினைத்துவிட்டாள்.

"ரெண்டாம் வகுப்புலேருந்து என்னோட சண்டை போடற. அது எந்தப் பாஷைன்னு மறந்து போச்சா?" என்று பாக்கியம் விழுந்து விழுந்து சிரித்தாள். இவள் பேசுவதை எல்லாம் இனி உங்களுக்காகத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

கோகிலா அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். முத்து முத்தான எழுத்தை எல்லாம் அழித்தாள். அழிக்க மனம் வரத்தான் இல்லை. நட்சத்திரத்தின் ஓரத்திலும் பிறையின் ஓரத்திலும் மஞ்சள் பூசினாள். நீலக் கட்டத்தில் நீலம். பட்டை வெட்டுகளில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. ஓர் எழுத்துகூட இல்லை. இப்போது யாருக்கும் எதையும் படிக்க வேண்டாம்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நேரே அக்காவிடம் போனாள். பாக்கியமும் வேடிக்கை பார்க்க வந்தாள். இந்தத் தடவை அக்கா பிடித்தது ஷரீஃபுதீனை. மளிகைக் கடைக்காரர் மகன். ஏழு வயது. முன்பல் இரண்டும் இல்லை.

"நீ என்ன செஞ்சாலும் கோகிலா அக்கா திட்ட மாட்டாங்க. செய்," என்றாள் சிவகாமி அக்கா.

ஷரீஃபுதீன் குப்புறப் படுத்துக்கொண்டான். நாக்கை ஓட்டைப் பல் வழியே நீட்டிக்கொண்டு வரைந்தான். மஞ்சள் இருந்த இடத்தில் மஞ்சள். சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பு. கோகிலாவுக்குக் கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது.

அவன் கொடியைத் தூக்கிக் காட்டினான். நீலக் கட்டம் இடது பக்கத்தில் இருப்பதற்குப் பதிலாக வலது பக்கத்தில் இருந்தது. பிறையும் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது.

அவன் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டான். ஓட்டை இரண்டு பக்கமும் ஓட்டைதானே! ஓரத்து வண்ணங்களையும் அவ்வப்போது தூக்கிப் பார்த்துச் சரியாகவே பூசிவிட்டான்.

"நல்லா இருக்காக்கா?" என்றான் ஷரீஃபுதீன்.

கோகிலாவுக்கு அட்டையைக் கிழித்துப் போட்டுவிடலாம் போல ஆத்திரமாக வந்தது. அந்தப் பையனின் முகத்தைப் பார்த்ததும் ஆத்திரம் அடங்கிவிட்டது. அவன் தப்பே செய்யவில்லை. அட்டைதான் அவனுக்குச் சொல்லவில்லை.

"நல்லா இருக்குடா. நீ ஒரு பெரிய ஓட்டையக் கண்டுபிடிச்சுக் குடுத்திருக்க," என்றாள். ஷரீஃபுதீன் பெருமையாக நட்சத்திரத்துக்குள் விரலை விட்டுக் காட்டினான்.

"விட்டுடறியா?" என்று கேட்டாள் அக்கா.

"விட மாட்டேன்க்கா."

கோகிலா அட்டையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று அட்டையே சொல்ல வேண்டும். எழுத்தும் கூடாது. ஒரு மூலையை வெட்டலாமா? வெட்டினால் எந்தப் பக்கம் வெட்டியது என்று யாருக்குத் தெரியும்?

"முன்பக்கம்னு ஒரு மூஞ்சிய வரைஞ்சிட்டா?" என்றாள் மெதுவாக. "எல்லாருக்கும் மூஞ்சி தெரியுமே."

"பூனை!" என்றாள் பாக்கியம். அவளுக்குப் பூனை என்றால் உயிர். "முன்னாடி பூனை மூஞ்சி. பின்னாடி பூனையோட முதுகும் வாலும். வால் தெரிஞ்சா அட்டை கவுந்து கெடக்குன்னு அர்த்தம்!"

"தலைகீழா வச்சாலும் பூனை தலைகீழா நிக்கும்!"

இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். பாக்கியம் கரியை எடுத்து வரைந்தாள். முன்பக்கம் உர்ரென்ற முகத்தோடு ஒரு குண்டுப் பூனை. பின்பக்கம் அதன் அகன்ற முதுகும் தூக்கிய வாலும். அந்த முதுகைப் பார்த்ததும் கடித்த நூலை விட்டுவிட்டுச் சிரித்தாள் சிவகாமி அக்கா. அவள் சிரித்து யாரும் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

ஆனால் சிரித்துவிட்டாள் என்பதற்காகச் சட்டம் மாறவில்லை. காப்பிக் கடைக்காரர் மகள் சியூ லானைக் கூப்பிட்டு அனுப்பினாள். சியூ லான் சீனப் பள்ளியில் படிப்பவள். இந்த அட்டையைப் பற்றி எதுவும் கேள்விப்படாதவள். கோகிலா வெளியே போய் வேலிப் பக்கம் நின்றுகொண்டாள். உள்ளே நின்றால் வாய் நிற்காது என்று அவளுக்கே தெரியும்.

முதலில் உள்ளே சத்தமே இல்லை. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. அட்டையைப் புரட்டும் ஓசை. பூனையின் வாலைப் பார்த்திருப்பாள். மறுபடியும் புரட்டும் ஓசை. கோகிலா வேலியில் இருந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. சியூ லான் கொடியோடு நின்றாள். நீலக் கட்டம் இடது மேல் மூலையில். பிறை மஞ்சள். நட்சத்திரம் மஞ்சள். பட்டைகள் ஒழுங்காக. சிவகாமி அக்கா நட்சத்திரத்தின் முனைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பதினொன்று என்று அவள் உதடு சொன்னது.

"பெட்டியில வை, கோகிலா," என்றாள்.

அக்கா பழைய எட்டு முனைப் படத்தை எடுத்து கோகிலாவிடமே கொடுத்தாள். அட்டையின் ஒரு மூலையில் பெயர் எழுதச் சொன்னாள். கோகிலா தன் பெயரை எழுதினாள். பிறகு பாக்கியலட்சுமி என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஷரீஃபுதீன் என்றும் எழுதினாள்.

அன்று மாலையே அட்டை புறப்பட்டுவிட்டது. ஒரு சந்தில் அதை வைத்து இன்னோர் அட்டை வெட்டினார்கள். அதை வைத்து அடுத்த சந்தில் இன்னொன்று. பிஸ்கட் பெட்டி, சோப்புப் பெட்டி, சட்டைப் பெட்டி எல்லாம் கிழிபட்டன. பூனைகள் மட்டும் வீட்டுக்கு வீடு மாறின. ஒன்று மெலிந்து போனது. ஒன்றுக்கு நாய்க் காது. சுப்பையன் வரைந்த பூனைக்குக் கால் ஆறு. ஆனாலும் அதற்கு முகம் முன்னால்தான் இருந்தது, வால் பின்னால்தான் இருந்தது.

வியாழக்கிழமை தேவதாஸ் வாத்தியார் மேசை மேல் மறுபடியும் கொடிகள் குவிந்தன. அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். எண்ணினார். கீழே வைத்தார்.  கோகிலாவும் தன் இடத்திலிருந்தே அவரோடு சேர்ந்து எண்ணினாள்.

கடைசிக் கொடியை வைத்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினோரு மாநிலமும் பத்திரமா இருக்கு. மலாக்காவும் இருக்கு. சனிக்கிழமை யாரும் கைய வீச வேண்டாம்."

வகுப்பில் எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

மெர்டேக்கா அன்று காலை பாடாங்கே கொடியாக இருந்தது. தெங்கேராவிலிருந்து வந்தார்கள். கிளேபாங்கிலிருந்து லாரியில் வந்தார்கள். "மெர்டேக்கா! மெர்டேக்கா!" என்று கத்திக் கத்தி சுப்பையனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் அவன் கொடியை ஒரு நிமிடம்கூடக் கீழே இறக்கவில்லை.

கோகிலாவும் பாக்கியமும் மரத்தடியில் இளைப்பாற உட்கார்ந்தார்கள். பக்கத்தில் ஒரு மலாய்ப் பையன் உட்கார்ந்திருந்தான். தெங்கேராக்காரன். அவன் கையிலும் காகிதக் கொடி. கோகிலாவின் கண் தானாக நட்சத்திரத்துக்குப் போனது. பதினொன்று. எல்லா முனையும் ஒரே நீளம்.

பையனும் கோகிலாவின் கொடியைப் பார்த்தான். உச்சுக் கொட்டினான்.

"உன் கொடியில பிறை பாதியக் காணோமே," என்றான் மலாயில்.

கோகிலா பார்த்தாள். உண்மைதான்! கம்பில் காகிதத்தைச் சுற்றி ஒட்டியபோது, பிறையின் ஓரம் கம்புக்குள் போய்விட்டது. இத்தனை நாளில் யாருமே இதைக் கவனிக்கவில்லை.

"உனக்கு அட்டை வச்சு வரையத் தெரியாதா?" பையன் பெரிய மனிதன் போல நிமிர்ந்து உட்கார்ந்தான். "நான் சொல்லித் தரேன். ரொம்ப சுலபம். ஒரு அட்டை இருக்கு. அதுல பூனை மூஞ்சி உன்னப் பாத்துக்கிட்டு இருக்கணும். வால் தெரிஞ்சா தப்பு. ஆனா அப்படியே வரைஞ்சா இப்படித்தான் பிறை கம்புக்குள்ள போயிடும். அதனால நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? அட்டையோட இடது ஓரத்துல ரெண்டு விரல் அகலம் கூட வச்சு வெட்டினோம்."

அவன் தன் கொடியைத் திருப்பிக் காட்டினான். கம்பைச் சுற்றி வெள்ளைக் காகிதம் மட்டும்தான் இருந்தது. பிறை முழுதாக வெளியே இருந்தது.

பாக்கியத்துக்கு வாய் துறுதுறுவென்று அரித்தது. "டேய், அந்த அட்டையே இவ..." என்று ஆரம்பித்தாள். கோகிலா அவள் காலை நறுக்கென்று மிதித்தாள்.

"பாகுஸ்! ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் அந்தப் பையனிடம். அவள் முகம் பூரித்துப் போயிருந்தது. கொடியைக் கவனமாக மடியில் வைத்துக்கொண்டு அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "அந்த ரெண்டு விரல் இடத்த எப்படி அளந்து வெட்டினீங்க? மொதல்லேருந்து சொல்லித் தா."